திருத்தக் கொடுத்த மிருதங்கமும் அம்ப்ளிபயரும் எப்போது கைக்கு வரும்?

திருத்தக் கொடுக்கும்போது எல்லோரும் கேட்பது "எப்ப தருவியள் அண்ணை?" என்றுதான். வரும் மறுமொழி "அடுத்த கிழமை வாங்கோ". அந்த ஒரு கிழமைக்குள் இரண்டு விதமான காத்திருப்பு கலந்து கிடக்கிறது. ஒன்று, பொருள் கேட்கும் நேரம்: தோல் காயவேண்டும், பசை இறுகவேண்டும், மெழுகு ஆறவேண்டும், திருத்திய அம்ப்ளிபயர் சூடேறி ஓடவேண்டும். இதில் அவசரப்படுத்தினால் வேலை கெடும். மற்றது, சாமான் தட்டில் தூசி பிடித்துக் கிடக்கும் நேரம்: பழுது என்னவென்று யாரும் எழுதவில்லை, எவ்வளவு செலவழிக்கலாம் என்று கேட்டுக்கொள்ளவில்லை, உதிரிப்பாகத்துக்குக் கொழும்புக்குச் சொல்லவில்லை. முதலாவதை விட்டுவிடுங்கள். இரண்டாவதை நீங்களே பாதிக்கு மேல் குறைக்கலாம்.

கடைக்குக் கொண்டுபோக முதல்

"அம்ப்ளிபயர் வேலை செய்யவில்லை" என்று வருகிறவற்றில் நிறையப் பழுது கேபிளில்தான் இருக்கும். மல்ரிமீற்றரை ஓமில் வைத்து, கேபிளின் இரு முனையிலும் உள்ள நுனிக்கு நுனி பாருங்கள். ஒரு ஓமுக்குக் குறைவாகக் காட்டவேண்டும். நுனிக்கும் உடலுக்கும் இடையில் ஒன்றும் காட்டக்கூடாது. ஜாக்கின் கழுத்தடியை வளைத்துக்கொண்டே பாருங்கள், ஏனென்றால் வயர் அறுவது அந்த இடத்தில்தான்.

ஸ்பீக்கரையும் அதே மீற்றரால் பார்க்கலாம். 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.5 வரை. ஒன்றுமே காட்டாவிட்டால் கொயில் அறுந்துவிட்டது. மீற்றர் இல்லாதவர்கள் 1.5 வோல்ற் பற்றரி ஒன்றைக் கணநேரம் தொட்டெடுத்தால் போதும், நல்ல ஸ்பீக்கர் "டக்" என்று குரல் கொடுக்கும். கூம்பின் நடுவில் இரு கையாலும் ஒரேயளவாக மெல்ல அழுத்தும்போது உரசும் சத்தம் வந்தால், அம்ப்ளிபயரோடு அந்த ஸ்பீக்கரையும் சேர்த்துக் கொடுங்கள். கருகிய கொயிலுள்ள ஸ்பீக்கரை வீட்டில் வைத்துவிட்டு அம்ப்ளிபயரை மட்டும் திருத்தி வந்து, அதே ஸ்பீக்கரில் பூட்டி மறுபடி எரிப்பது அடிக்கடி நடக்கிறது.

ஃபியூஸ் போனால் அதே அளவில் ஒன்று போட்டுப் பாருங்கள். அதுவும் உடனே போனால் அத்தோடு நிறுத்துங்கள். வெள்ளித்தாள் சுற்றுவதும் செப்புக் கம்பி போடுவதும் வேண்டாம். ஃபியூஸ் எரியவேண்டிய இடத்தில் ரான்ஸ்போமர் எரியும். அதைத் திரும்பச் சுற்றி எடுக்க இன்னொரு கிழமை போகும், காசும் பல மடங்காகும்.

கோயில்களுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவர்கள் ஒரு கணக்கையும் பார்க்கவேண்டும். நீண்ட வயரில் பல குழாய்களை ஓட்டும் 100 வோல்ற் லைனில் 120 வாற் அம்ப்ளிபயர் ஓடுகிறதென்றால், எல்லாக் குழாய்களின் வாற்றையும் கூட்டிய தொகை 120க்குள் நிற்கவேண்டும். 30 வாற் குழாய் நாலு கட்டலாம், ஐந்தாவது கூடாது. ஐந்தாவதைக் கட்டினால் அன்றைக்கே எரியும் என்றில்லை. திருவிழாவின் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, தொடர்ந்து ஓடிச் சூடேறிய வேளையில் எரியும். அதேபோல், சாதாரண அம்ப்ளிபயரின் ஒரு பக்கத்தில் 8 ஓம் ஸ்பீக்கர் நாலைச் சமாந்தரமாகப் பூட்டினால் 2 ஓம் ஆகிவிடும். 4 ஓமுக்குச் செய்த பெட்டி அதைத் தாங்காது.

கீபோட் என்றால் அடப்ரரைக் கட்டாயம் கூடக் கொண்டுபோங்கள். யமஹா பலவற்றுக்கு 12 வோல்ற், நடு முள் பிளஸ். பழைய கசியோ பலவற்றுக்கு 9 வோல்ற், நடு முள் மைனஸ். ஒன்றின் அடப்ரரை மற்றதில் குத்தியதால் வந்த பழுதென்றால், அதைச் சொல்லாமல் மறைத்தால் தேடும் நாள்தான் கூடும்.

துண்டில் எழுதவேண்டியது

"சத்தமில்லை" என்ற ஒரு சொல்லோடு விட்டுவிட்டு வந்தால், பழுது எப்போது வரும் என்று திருத்துபவர்தான் காத்திருக்கவேண்டும். இப்படி எழுதிப் பாருங்கள்: "போட்டு 20 நிமிசத்துக்குப் பிறகு இடப்பக்கச் சத்தம் மங்குது. மூடியில் தட்டினால் திரும்ப வருது. ஜெனறேற்றரில் ஓட்டின அன்றிலிருந்துதான்." இதைப் படித்தவுடன் அவர் நேரே போகுமிடம் விட்டுப்போன ஈயப்பற்றும் றிலேயும்தான். இரண்டு நாள் தேடவேண்டியதை ஒரு பின்னேரத்தில் பிடித்துவிடலாம்.

மொடல் பெயர், பின்பக்கத் தொடரிலக்கம், கூடக் கொடுத்த அடப்ரர், கேபிள் எல்லாவற்றையும் பற்றுச்சீட்டில் எழுதுவித்து, நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருந்த கீறலும் படத்தில் விழட்டும். தேவையில்லாத பை, வார், வில், தூரிகை ஒன்றும் கடையில் வேண்டாம்.

இன்னும் நாலு விஷயத்தை அங்கேயே நின்று பேசி முடியுங்கள். எந்த நாளில் திறந்து பார்ப்பார்? எவ்வளவு வரை கேட்காமல் செய்யலாம், எதற்கு மேல் போன் எடுக்கவேண்டும்? கழற்றிய பழைய பாகத்தைத் தருவாரா? திருத்த முடியாமற் போனால் பார்த்த கூலி எவ்வளவு? இரண்டாவது கேள்விதான் கூடுதல் நாளை மிச்சப்படுத்தும். "ஆளைக் கேட்டுச் செய்வம்" என்று ஒதுக்கி வைக்கும் பெட்டிகள்தான் மாதக் கணக்கில் கிடப்பவை. முற்பணம் கொடுப்பதென்றால் சாமானின் விலைக்குக் கொடுங்கள், கூலியை எடுக்கும் நாளில் கொடுக்கலாம்.

தோல் வாத்தியம்: வெயில்தான் கணக்குப்பிள்ளை

மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலப்பக்கத்தில், மூட்டு எனப்படும் தோல் தொகுதியை மாற்றும் வேலையில் கையால் செய்யும் நேரத்தைவிடக் காயும் நேரமே பெரிது. ஊறவைத்த தோலை இழுத்துக் கட்டி, அது காய்ந்து இறுகிய பிறகுதான் கரணை எனப்படும் கரும்பொட்டை வைப்பார்கள். கரணைக் கல்லின் கருந்தூளைச் சோற்றோடு மசித்து, ஒரு சிறு உருண்டை எடுத்து, நடுவில் மெல்லிய தகடாகத் தேய்ப்பார்கள். வழுவழுப்பான கல்லால் அது காயும்வரை தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். பிறகு இன்னொரு உருண்டை, இன்னொரு தேய்ப்பு. இப்படிப் படை படையாக ஏறும்போது நடுவில் தடித்து விளிம்பில் மெலிந்து வரும். தேய்க்கத் தேய்க்கக் கரணையில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடும். அது பழுதல்ல. அந்த வெடிப்பு இல்லாவிட்டால் கரணை தோலோடு சேர்ந்து அதிராது, "தீம்" என்ற சொல் திறந்து வராது. ஒரு படை ஈரமாக இருக்க அடுத்ததை ஏற்றினால், வாசித்துச் சில நாளிலேயே கரணை சில்லுச் சில்லாகப் பெயரும். "கச்சேரி வெள்ளிக்கிழமை, எப்படியாவது தாங்கோ" என்று நெருக்கி வாங்கிய மிருதங்கங்களுக்கு இதுதான் நடக்கிறது.

ஆகவே காலநிலையைப் பார்த்துக் கொடுங்கள். பங்குனியிலிருந்து ஆவணி வரை, வெயிலும் சோளகக் காற்றும் உள்ள காலத்தில், மூட்டு வேலை ஒரு கிழமையளவில் முடியும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை பிடித்துவிட்டால் இரண்டு மடங்கு நாள் கேட்பார்கள், அது நியாயமானதே. அடுப்படியில் வைத்துக் காயவைத்துத் தரச் சொல்லாதீர்கள். வெக்கையில் வேகமாகக் காய்ந்த தோல் விளிம்பில் கிழியும்.

கொடுக்கும்போதே எத்தனை கட்டைச் சுருதிக்கு வேண்டும் என்று சொல்லவேண்டும். ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை ஆண்குரலுக்கும், ஐந்து கட்டைப் பெண்குரலுக்கும் ஒரே கரணை சரிவராது. பெரிய மிருதங்கத்தில் தடித்த கரணை வைத்ததை ஐந்து கட்டைக்கு ஏற்ற நினைத்தால், தோலை இழுத்துக் கட்டிய வார்தான் அறும்.

தொப்பி எனப்படும் இடப்பக்கத்தில் பூசிய ரவையைச் சுரண்டித் துடைத்துவிட்டுக் கொடுங்கள். ரவை ஒட்டிய தோலை எறும்பும் கரப்பானும் விடா. வார் மட்டும் தளர்ந்ததென்றால் மூட்டு மாற்றத் தேவையில்லை, வார் பிடிக்க ஒரு நாள் போதும். எது வேண்டும் என்று வாத்தியம் வாசிப்பவரே நேரில் போய்ச் சொல்வது நல்லது.

தவிலில் இப்போது நட்டும் போல்ட்டும் பூட்டியவை கூடிவிட்டதால் இறுக்கும் வேலை வாசிப்பவர் கையிலேயே முடிகிறது. தோல் மாற்றுவதற்கு மாத்திரம் மேலே சொன்ன காயும் கணக்கே பொருந்தும். தவிலுக்குத் தெட்சணாமூர்த்தியைத் தந்த இணுவிலிலும் அளவெட்டியிலும் கேட்டுப் பார்த்தால், திருவிழாக் காலத்தில் தவில்காரர் இரண்டாவது தவிலோடுதான் போவார் என்பது தெரியும்.

வீணை, வயலின், கிற்றார்

வீணையின் 24 மெட்டும் தேன்மெழுகில் குங்கிலியமும் கரியும் சேர்த்த மேடையில் பதிந்திருக்கின்றன. மூடிய காருக்குள் மத்தியான வெயிலில் விட்டாலே மெழுகு இளகி மெட்டுகள் சரியும். மேளம் கட்டுவது சுருதி காதுள்ளவர் ஒவ்வொரு மெட்டாக நகர்த்திப் பார்த்து நிறுத்தும் வேலை. கட்டிய பிறகு மெழுகு முழுதாக ஆறி இறுகவேண்டும். எடுத்தவுடன் வெயிலில் கொண்டுபோனால் முழு வேலையும் வீண். தந்தி பழசென்றால் புதுசைப் பூட்டிய பிறகே மேளம் கட்டச் சொல்லுங்கள், தந்தி மாறினால் சுரத்தானமும் சிறிது மாறும். பாடசாலைகளில் வாணி விழா வரும் புரட்டாசிக்கு ஒரு மாதம் முன், ஆவணியிலேயே கொடுத்துவிடவேண்டும். புரட்டாசி பிறந்த பிறகு வரிசை நீண்டுவிடும்.

வயலினில் மாரி காலத்தில் விளிம்புப் பசை விடும். பசை போட்டுக் கவ்வியால் இறுக்கி ஓரிரவாவது வைக்கவேண்டும், அதற்கு முன் தந்தி ஏற்றக்கூடாது. வீட்டில் சுப்பர்குளூ ஊற்றிவிட்டுக் கொண்டுபோகாதீர்கள். மரப்பசை சூட்டிலும் ஈரத்திலும் விடும்படி செய்தது. அதனால்தான் வயலினைத் திறந்து திருத்தலாம். சுப்பர்குளூ ஒட்டிய இடத்தில் திறந்தால் மரம் சிராய்த்துக்கொண்டு வரும்.

கிற்றாரின் கழுத்துக் கம்பியைத் திருப்பிச் சரிசெய்தால் கழுத்து அமர ஒரு நாள் எடுக்கும். காலையில் திருப்பி, மறுநாள் பார்த்து, மீண்டும் சிறிது திருப்புகிறவரே கவனமான திருத்துபவர்.

நாதஸ்வரத்துக்குப் பெரும்பாலும் வாயில் வைத்து ஊதும் சீவாளிதான் பிரச்சினை. குழல் வெடித்தால் மட்டும் கடையைத் தேடுங்கள். ஆர்மோனியத்தில் துருத்தி ஒழுக்கு ஒரு நாள் வேலை. ஒலியெழுப்பும் உலோக நாக்கு உடைந்தால் அதே சுரத்துக்குப் பொருந்தும் நாக்குத் தேடவேண்டும், அது எத்தனை நாள் என்று முன்கூட்டிச் சொல்லமுடியாது.

அம்ப்ளிபயர் மேசையில் என்ன நடக்கிறது

எரிந்த பெட்டியை நல்ல திருத்துபவர் நேரே கரண்டில் குத்தமாட்டார். 60 அல்லது 100 வாற் இழை மின்குமிழ் ஒன்றைத் தொடரில் பூட்டி, அதற்கூடாகத்தான் 230 வோல்ற் கொடுப்பார். உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் குமிழ் முழு வெளிச்சத்தில் நின்று எரியும், பெட்டி தப்பும். பழுது தீர்ந்திருந்தால் குமிழ் ஒருமுறை பளிச்சிட்டு, கப்பாசிற்றர்கள் நிரம்பியதும் மங்கிச் சிவப்பு இழையாகும். அந்த மங்கலைப் பார்த்த பிறகே ஸ்பீக்கர் முனையில் மீற்றர் வைப்பார். அங்கே நிற்கும் டீசி (நேர்மின்) 50 மில்லிவோல்ற்றுக்குள் இருந்தால் நல்லது, வோல்ற் கணக்கில் இருந்தால் பூட்டும் ஸ்பீக்கரெல்லாம் கருகும். எல்ஈடி குமிழில் இந்தச் சோதனை நடக்காது. இழைக் குமிழ் கடைகளில் அருகிவருவதால், பழையதை எறியாமல் வைத்திருக்கும் திருத்துமிடத்தில் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம்.

திருத்திய பெட்டி இரண்டாம் நாளே திரும்பி வருவதற்கு முதற் காரணம், செத்த வெளியீட்டு ரான்சிஸ்ரரை மட்டும் மாற்றுவது. அது சாகும்போது அதை ஓட்டும் சிறிய ரான்சிஸ்ரரையும், 0.22 ஓம் போன்ற எமிற்றர் தடைகளையும் சேர்த்து அடித்திருக்கும். அவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கவேண்டும். இரண்டாவது காரணம் போலிச் சாமான். 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 சோடியில் போலி நிறைய உலாவுகிறது. வெளியே எழுத்தெல்லாம் சரி, உள்ளே சில்லு சின்னது, முழுச் சத்தத்தில் வைத்த உடனே போகும். "ஒறிஜினல் போட்டால் எவ்வளவு, மற்றது எவ்வளவு, ஒறிஜினல் வர எத்தனை நாள்" என்று கேளுங்கள். வருகிற நாலு நாளைப் பொறுத்திருப்பது லாபம்.

இரைச்சலுக்கும் அடையாளம் சொல்லலாம். வொல்யூமைக் குறைத்தாலும் மாறாத 100 ஹேர்ட்ஸ் ரீங்காரம், வீங்கிய வடிகட்டிக் கப்பாசிற்றரின் குரல். வொல்யூமோடு கூடிக் குறையும் 50 ஹேர்ட்ஸ் உறுமல் பெரும்பாலும் கேபிளின் அல்லது எர்த்தின் குரல், பெட்டியைக் கொடுக்கவே தேவையில்லை.

திருத்தி முடிந்ததும் பெட்டி ஒன்றிரண்டு மணித்தியாலம் சுமையோடு ஓடவேண்டும். சூட்டில் மட்டும் விடும் ஈயப்பற்றும், சூடேற ஏறும் பயஸும் (சத்தமில்லாதபோதும் ரான்சிஸ்ரரில் ஓடும் மின்) அப்போதுதான் பிடிபடும். "சத்தம் வருது, மூடித் தாங்கோ" என்று அன்றைக்கே தூக்கிக்கொண்டு போகிறவர் அந்தச் சோதனையைக் கோயில் வீதியில் வைக்கிறார்.

ஸ்பீக்கர் கூம்பு மாற்றினால் பசை இறுக ஒரு நாள். குழாய் ஸ்பீக்கருக்கு டயபிறம் (உள்ளே அதிரும் மெல்லிய தகடு) மாற்றுவது ஒரு மணித்தியால வேலை. ஒன்றிரண்டு டயபிறத்தைக் கோயில் சபையே வாங்கி அலுமாரியில் வைத்திருந்தால் காத்திருப்பே இல்லை. பருத்தித்துறை, தீவகம் போன்ற கரையோரங்களில் உப்புக்காற்றால் ஜாக்குகளில் பச்சைக் களிம்பு ஏறும். கொன்ராக்ட் கிளீனர் அடித்துத் துடைப்பதோடு போகும் பழுது அது. தேங்காயெண்ணெய் தடவாதீர்கள், தூசி ஒட்டி இன்னும் கெடும்.

"சாமான் கொழும்பிலிருந்து வரோணும்"

இது சாட்டாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: "பாகத்தின் இலக்கம் என்ன?" இலக்கம் சொல்லமுடிந்தால் பெட்டி திறந்து பார்க்கப்பட்டிருக்கிறது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஆளிருந்தால் நீங்களே வாங்கி இரவு பஸ்ஸில் எடுப்பிக்கலாம். நாளை எண்ணும்போது ஞாயிறையும் போயா (பௌர்ணமி) விடுமுறையையும் கழியுங்கள். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய கிழமையில் சாமான் வரும் என்று எண்ணவே வேண்டாம்.

வாத்தியத்தையே கொழும்புக்கு அனுப்புவதென்றால் பொதி முக்கியம். அம்ப்ளிபயரின் ரான்ஸ்போமர் ஆணியை இறுக்கி, எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் பஞ்சு வைத்து, இரட்டைப் பெட்டியில் வையுங்கள். கிற்றார் தந்தியைச் சற்றுத் தளர்த்துங்கள். வயலினில் எல்லாத் தந்தியையும் ஒரேயடியாகத் தளர்த்தினால் உள்ளே நிற்கும் சிறு தூண் விழுந்துவிடும், ஆகவே கொஞ்சம் இழுவை இருக்கட்டும். வீணையும் மிருதங்கமும் பஸ் எஞ்சின் பக்கத்தில் போகக்கூடாது.

எப்போது விசாரிப்பது, எப்போது திருப்பி எடுப்பது

"முடிஞ்சுதா?" என்ற கேள்விக்கு "இன்னும் இல்லை" என்பதுதான் மறுமொழி. நிலையைக் கேளுங்கள்: திறந்து பார்த்தாச்சா, சாமானுக்குச் சொல்லியாச்சா, சாமான் வந்திட்டுதா, ஓட்டிப் பார்க்கிறீங்களா? திறந்து பார்ப்பதாகச் சொன்ன நாளின் பின்னேரம் ஒரு போன், சாமான் வரும் நாளில் ஒரு போன், அவ்வளவு போதும். ஈயக்கோல் பிடித்த கையை நாளுக்கு மூன்று முறை போனுக்கு இழுத்தால் உங்கள் வேலைதான் பிந்தும்.

எந்த மாதம் என்பதையும் யோசியுங்கள். ஆடி அமாவாசைக்குப் பின் தொடங்கும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் ஒலிபெருக்கிக்காரரும் திருத்துபவரும் மூச்சுவிட நேரமில்லாமல் இருப்பார்கள். மார்கழித் திருவெம்பாவைக்கு விடியற்காலையிலேயே குழாய் ஒலிக்கவேண்டிய கோயில்கள் ஐப்பசியிலேயே பெட்டியைக் காட்டிவிடலாம். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் எரிந்த பெட்டிகள் அதற்குப் பிறகுதான் குவியும். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் பிள்ளை போவதென்றால், பரீட்சைக்கு முந்திய மாதத்தில் மிருதங்கத்தில் பெரிய வேலை எதுவும் வேண்டாம்.

திறந்து பார்ப்பதாகச் சொன்ன நாள் இரண்டு முறை தவறினால் சண்டை பிடிக்காமல் திருப்பி எடுங்கள். கழற்றிய ஆணி, பாகம் எல்லாம் ஒரு பையில் வந்ததா, எது மாற்றப்பட்டது, எது கழற்றி வைக்கப்பட்டது என்பதை எழுதி வாங்குங்கள். அந்தத் துண்டு இல்லாமல் பாதி கழற்றிய பெட்டியை ஏற்க அடுத்த திருத்துபவர் தயங்குவார்.

எடுக்கும் நாளும் முதல் இரண்டு கிழமையும்

ஆறுதலாக அரை மணித்தியாலம் ஒதுக்கிக்கொண்டு போங்கள், உங்கள் கேபிளும் உங்கள் மைக்கும் கையில் இருக்கட்டும். அம்ப்ளிபயரை ஆறிய நிலையில் போடச் சொல்லி, ஒவ்வொரு திருகியையும் முழுக்கத் திருப்பி, கரகரப்பு உண்டா என்று கேளுங்கள். கீபோட்டில் 61 கட்டையையும் மெல்லவும் பலமாகவும் அழுத்துங்கள். ஒரு கட்டை மட்டும் எப்போதும் பலமாகக் கத்தினால், அடியிலுள்ள றப்பரின் கரித்தொடுகை சரியாகத் துடைக்கப்படவில்லை. மிருதங்கத்தின் விளிம்பில் வார் கோத்த 16 கண்ணையும் சுற்றித் தட்டி, எல்லாம் ஒரே சுருதியில் நிற்கிறதா, கரணை விளிம்பு எங்கேனும் தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

புது மூட்டு முதல் இரண்டு கிழமையில் இழுபட்டுச் சுருதி இறங்கும், அது குறையல்ல. தினமும் கொஞ்ச நேரம் வாசித்து, கல்லும் கட்டையும் கொண்டு ஏற்றி, இரண்டாம் முறை வார் பிடிக்கும் நாளை எடுக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். திருத்திய அம்ப்ளிபயரின் முதல் ஓட்டம் திருவிழா இரவாக இருக்கவேண்டாம். வீட்டில் பாதிச் சத்தத்தில் இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டு, பின்னாலுள்ள அலுமினியத் தகட்டில் உள்ளங்கையை வையுங்கள். மூன்று செக்கனுக்கு மேல் வைக்கமுடியாத சூடென்றால் நிறுத்திவிட்டு ஸ்பீக்கர் கணக்கைத் திரும்பக் கூட்டிப் பாருங்கள். கணக்குச் சரியென்றால், பற்றுச்சீட்டோடு அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள்.